போதை நோய்ச் சிகிச்சைக்கான சமூகப் பரப்புரையை ஒழுங்கமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மதுவுக்கோ பிற போதைப்பொருள்களுக்கோ அடிமையானவர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் சிகிச்சையிடம் கொண்டுசேர்க்க விரும்பும் தன்னார்வக் குழுக்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. புதிதாக இப்பணியில் இறங்குவோர் பெரும்பாலும் கூட்டத்துக்கு நாள் குறிப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். துண்டறிக்கை அச்சாகிறது, பேச்சாளர் வருகிறார், மக்களும் திரளுகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் தயங்கியபடி அருகில் வந்து, "என் மகனை எங்கே அழைத்துச் செல்வது? நாளைக்கே சேர்த்துக்கொள்வார்களா?" என்று கேட்கும்போது குழுவில் எவரிடமும் விடை இருப்பதில்லை. பல ஆண்டு மௌனத்துக்குப் பிறகு துணிந்து கேட்டவர் விடையில்லாமல் திரும்பினால், அவர் மறுபடி எவரிடமும் கேட்பது அரிது. ஆகவே கீழ்க்காணும் படிகள், கூட்டத்தைப் பிந்தியும் சிகிச்சைக்கான வழியை முந்தியும் வைக்கின்றன. இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

1. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள்

"போதை ஒழிப்பு" என்பது செயல்படுத்தக்கூடிய நோக்கம் அன்று. மாணவர்கள் பழகிவிடாமல் தடுப்பதும், ஏற்கெனவே அடிமையானவரைச் சிகிச்சைக்கு அழைத்துவருவதும் வெவ்வேறு பணிகள். அவற்றுக்கு வேண்டிய செய்தியும் ஆட்களும் இடமும் வேறு. இரண்டையும் ஒரே மேடையில் கலந்தால், மாணவருக்குச் சொல்லும் எச்சரிக்கை அங்கே அமர்ந்திருக்கும் நோயாளியின் காதில் அவமதிப்பாக விழும்.

"இந்தப் பகுதியில் மதுவுக்கு அடிமையானவர்களின் குடும்பத்தினர், ஆலோசகர் ஒருவரை நேரில் சந்திக்கும்படி செய்தல்" என்பது போல, யார், எந்தப் பொருள், எந்த அடுத்த அடி ஆகிய மூன்றும் தெரியும்படி எழுதுங்கள். மதுவுக்கும், ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைப் பொருள்களுக்கும் ஆபத்தும் மருந்தும் வேறுபடுவதால், தொடக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் குழு தெளிவாகப் பேசும்.

2. சிகிச்சைக்கான வழியை முதலில் உறுதிசெய்யுங்கள்

முழுப் பணியிலும் அதிக நேரம் கோருவது இந்தப் படிதான். அவசரத்தில் பலரும் தாண்டிச்செல்வதும் இதையே. சென்றடையக்கூடிய தொலைவில் உள்ள ஒவ்வொரு மருத்துவமனைப் பிரிவையும், மறுவாழ்வு மையத்தையும், ஆலோசகரையும், சுய உதவிக் குழுவையும் நேரில் போய்ப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அப்படியே எடுத்து அச்சிடாதீர்கள். அதில் மூடப்பட்ட மையங்களும் மாறிப்போன எண்களும் கலந்திருக்கும்.

நேரில் போகும்போது கேட்க வேண்டியவை பல. மருத்துவர் அன்றாடம் வருகிறாரா, இரவில் வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள், சேர்வதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், கட்டணம் முழுவதும் முன்கூட்டியே எழுத்தில் தரப்படுமா, பெண்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா, மனச்சோர்வு போன்ற உடனிருக்கும் நோய்களையும் கவனிப்பார்களா, வீடு திரும்பிய பிறகு தொடர் கண்காணிப்பு உண்டா என்பவற்றுக்குத் தெளிவான விடை வேண்டும். ஓபியாய்டு சார்புக்குத் தரப்படும் மெத்தடோன், புப்ரெனார்பின் ஆகிய மருந்துகள் 2005ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளன. அவற்றை "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்று தள்ளிவிடும் மையம், நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பாதுகாப்பை மறுக்கிறது. மதுச் சார்புக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உள்ளன என்பதைக் குழுவினர் அறிந்திருக்க வேண்டும்.

அடித்தல், கட்டிப்போடுதல், குடும்பத்தாரைப் பார்க்க விடாமல் தடுத்தல், "நிச்சயம் குணமாகும்" என்று உத்தரவாதம் கொடுத்தல், ஆளைத் தூக்கிவர வண்டி அனுப்புவதாகச் சொல்லுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். உங்கள் பேச்சை நம்பித்தான் ஒரு குடும்பம் அங்கே போகும் என்பதால், இதில் சலுகைக்கு இடமில்லை.

பிறகு உதவி எண்களைச் சோதியுங்கள். காலையிலும் மாலையிலும் விடுமுறை நாளிலும் குழுவினரே அழைத்துப் பார்க்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருக்கும் எண்ணை அச்சிடுவதைவிட எண்ணே இல்லாத துண்டறிக்கை மேல். ஒவ்வோர் இடத்திலும் பெயர் தெரிந்த ஒருவரைத் தொடர்பாளராகப் பிடித்து, "நாங்கள் அனுப்புபவரை முதலில் நீங்கள் சந்திக்க இயலுமா?" என்று கேட்டு ஒப்புதல் பெறுங்கள். "மருத்துவமனைக்குப் போங்கள்" என்பதற்கும் "வரவேற்பறையில் இன்னாரைக் கேளுங்கள், நீங்கள் வருவது அவருக்குத் தெரியும்" என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதைக் கேட்டவர் வாசலிலேயே திரும்பிவிடக்கூடும்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் அடக்குங்கள். மாதந்தோறும் அதைச் சரிபார்க்கும் பொறுப்பைக் குறிப்பிட்ட ஒருவரிடம் ஒப்படையுங்கள். எல்லோருடைய பொறுப்பாகவும் விட்டுவைத்தால் எவரும் செய்வதில்லை.

3. குழுவை அமையுங்கள்

குணமடைந்து நிலைபெற்றவர்கள், குடும்பத்தில் இதை அனுபவித்தவர்கள், செவிலியரோ ஆலோசகரோ ஒருவர், அந்தப் பகுதி மக்கள் நம்பும் ஒருவர் ஆகியோர் இருந்தால் சிறிய குழுவே போதும். குணமடைந்தவர்களின் சொல்லுக்கு இருக்கும் வலிமை வேறெவருடைய சொல்லுக்கும் இராது. அதே காரணத்தால் அவர்கள்மேல் அளவுக்கு மீறிய சுமை ஏறிவிடுகிறது. குடித்துக்கொண்டிருக்கும் ஒருவரைச் சந்திக்க அவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். எப்போதும் இருவராகவே செல்ல வேண்டும். அவர்களுடைய சொந்தச் சுய உதவிக் கூட்டமும் மருத்துவச் சந்திப்பும் இருக்கும் நாளில் பரப்புரை வேலை கொடுக்கவும் கூடாது. அவர்களுடைய மீட்சி உங்கள் திட்டத்துக்கு முன்னால் நிற்கிறது.

குடியிலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும், 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற சுய உதவி அமைப்புகளை அணுகும்போது அவற்றின் மரபுகளை அறிந்து அணுகுங்கள். அந்த அமைப்பு வெளி நிறுவனங்களுக்குத் தன் பெயரை வழங்குவதில்லை. அதன் உறுப்பினர்கள் ஊடகங்களில் தங்கள் அடையாளத்தை வெளியிடுவதில்லை. சுவரொட்டியில் இணை அமைப்பாளராகப் பெயர் போடட்டுமா என்று கேட்பதை விடுத்து, தங்கள் கூட்டம் எப்படி நடக்கும் என்று விளக்க ஒருவரை அனுப்ப இயலுமா என்று கேளுங்கள்.

4. மருத்துவப் பாதுகாப்பில் எல்லோருக்கும் பயிற்சி கொடுங்கள்

நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் தவறான அறிவுரை உயிரைப் பறிக்கும் துறை இது. நெடுநாள் அதிகமாகக் குடித்துவந்தவரிடம் "இன்றே நிறுத்திவிடுங்கள்" என்று தன்னார்வலர் எவரும் சொல்லக் கூடாது. குடி நின்ற சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குக் குழப்பமும், இல்லாத உருவங்கள் தோன்றுவதும், கடும் காய்ச்சலும் சேர்ந்த டெலிரியம் ட்ரெமன்ஸ் என்னும் நிலை ஏற்படும். மருத்துவம் கிடைக்காவிட்டால் அது மரணத்தில் முடியலாம். முன்பு வலிப்பு வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே சொல்ல வேண்டியது, "மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள்" என்பதே. பென்சோடயாசெபின் வகைத் தூக்க மாத்திரைகளுக்கும் இது பொருந்தும்.

ஓபியாய்டு வகைகளில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நிறுத்தும்போது வரும் வேதனை கடுமையானது, ஆயினும் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. சில வாரங்கள் நிறுத்தியபின் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது; அப்போது பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, மிக மெதுவான மூச்சு, நீலம் பாரித்த உதடு ஆகிய அறிகுறிகளையும், அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்ஸோன் என்னும் மருந்தைக் கொடுக்கும் முறையையும் எல்லோரும் கற்றிருக்க வேண்டும். நலோக்ஸோனின் பயன் பொதுவாக 30 முதல் 90 நிமிடங்களில் குறைந்துவிடும் என்பதால், கண்விழித்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் விடக் கூடாது.

குடும்பத்தினர் அடிக்கடி ஒன்றைக் கேட்பார்கள்: "அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்க ஏதாவது மருந்து உண்டா?" இதற்குப் பதில் உறுதியாக இருக்க வேண்டும். குடியை நிறுத்த உதவும் டைசல்பிராம் என்னும் மருந்தை எடுத்தவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் சரியும். இதயநோய் உள்ளவருக்கு அது உயிராபத்து. கடைசி வேளைக்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை இவ்விளைவு நீடிக்கலாம். நோயாளியின் ஒப்புதலோடும் மருத்துவரின் கண்காணிப்போடும் மட்டுமே தர வேண்டிய மருந்து அது. கேட்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்; வேறு வழி தெரியாத தவிப்பிலிருந்துதான் அந்தக் கேள்வி வருகிறது.

பேசும் முறைக்கும் பயிற்சி வேண்டும். குடியை விட வேண்டும் என்ற எண்ணமும் விட முடியாது என்ற எண்ணமும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் இருக்கும். நாம் ஒரு பக்கத்தை வலியுறுத்தினால் அவர் மறுபக்கத்தைப் பேசத் தொடங்குவார். உளவியலாளர்களான வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஊக்கமூட்டும் உரையாடல் முறை இதைக் கருத்தில் கொண்டு அமைந்தது. "இது உங்களுக்கு எதைக் கெடுத்திருப்பதாக நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது அறிவுரையைவிடப் பயன்தரும். தன்னார்வலர்கள் இருவர் இருவராக நடித்துப் பார்த்து, இடையில் புகுந்து பேசாமல் கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வது இதற்குப் போதாது.

5. மக்கள் எங்கே எவரிடம் பேசுகிறார்கள் என்று அறியுங்கள்

போதை நோயாளி போதைக்காக மருத்துவரைத் தேடுவது அரிது; வயிற்றுவலிக்காகவும் காயத்துக்காகவும் தூக்கமின்மைக்காகவும் போகிறார். அவருடைய மனைவியோ தாயோ கடன், அடிதடி, பிள்ளையின் படிப்பு என்று வேறொன்றைப் பற்றிப் பேசும்போது இது வெளிவருகிறது. எனவே பொது மருத்துவர், மருந்தாளுநர், பணியிட மேற்பார்வையாளர், ஆசிரியர், வழிபாட்டிடப் பொறுப்பாளர், மகளிர் குழுத் தலைவி ஆகியோரை முதலில் தனித்தனியே சந்தியுங்கள். அவர்களுக்கு முழுப் பயிற்சி தேவையில்லை. ஒரு கேள்வியும் ஒரு தாளும் கையில் இருந்தால் போதும்.

குடிப்பழக்கத்தின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற வினாத்தாளை மருத்துவருக்கும் செவிலியருக்கும் அறிமுகப்படுத்தலாம். அதில் 10 கேள்விகள். மதிப்பெண் 0 முதல் 40 வரை. 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்தான குடிப்பழக்கம் இருக்கக்கூடும் என்று கொள்வர். அது உரையாடலைத் தொடங்கும் கருவி. பொதுக்கூட்டத்தில் கையை உயர்த்தச் சொல்லி மதிப்பெண் கணக்கிடுவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

6. செய்தியை வடிவமையுங்கள்

அழுகிய கல்லீரலின் படமும் மண்டையோடும் கவனத்தை ஈர்க்கும். ஆனால் அச்சம் மிகும்போது, நோயாளி அந்த அச்சத்தைத் தணிக்கத் தனக்குத் தெரிந்த வழியையே நாடுவார். அச்சுறுத்தும் செய்திகளை முதன்மையாகக் கொண்ட நிகழ்ச்சிகள் பயன் தருவதில்லை என்று, போதைப்பொருள் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் பன்னாட்டுத் தரநெறிகளும் கூறுகின்றன. மதுப்புட்டி, ஊசி, புகை ஆகியவற்றின் படங்களும் வேண்டாம். மீண்டுகொண்டிருப்பவருக்கு அவை வேட்கையைத் தூண்டலாம்.

துண்டறிக்கையில் நான்கு கருத்துகளுக்கு மேல் இடம்பெறத் தேவையில்லை: இது மருத்துவத்தால் சீராக்கக்கூடிய நோய், குடும்பத்தினர் தனியாகவும் உதவி கேட்கலாம், அடுத்த அடி இன்னது, கேட்பவரின் பெயர் வெளியே போகாது. "குடிகாரன்" போன்ற வசைச்சொற்கள் மேடையிலும் தாளிலும் குழுவினரின் தனிப்பேச்சிலும் வரக் கூடாது. அச்சிடுவதற்கு முன் குணமடைந்த ஒருவரிடமும் பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் முகம் சுளிக்கும் வரியை விவாதிக்காமல் நீக்கிவிடுங்கள்.

7. கூட்டத்தை நடத்துங்கள்

இப்போதுதான் நாள் குறிக்கலாம். பெருந்திரளைவிட முப்பது பேருக்குட்பட்ட சிறு கூட்டங்கள் பல நடத்துவது மேல். பெருங்கூட்டத்தில் எவரும் தம் வீட்டுத் துயரத்தைப் பேச மாட்டார்கள். தலைப்பைப் "போதை விழிப்புணர்வு" என்று வைத்தால், உள்ளே நுழைவதே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். "குடும்ப நலமும் உடல் நலமும்" என்பது போன்ற பொதுத் தலைப்பு வருகையை எளிதாக்கும். வாசலில் பெயரும் எண்ணும் எழுதி வாங்கும் குறிப்பேடு வேண்டாம். புகைப்படம் எடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவியுங்கள். நன்கொடையாளருக்குக் காட்டப் படம் வேண்டுமென்றால் காலி நாற்காலிகளோடு அரங்கை எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவர் சுருக்கமாகப் பேசியபின் குணமடைந்தவர் பேசட்டும். அவரோடு முன்பே அமர்ந்து, எதைச் சொல்வது, எதைத் தவிர்ப்பது என்று முடிவு செய்யுங்கள். குடித்த நாள்களின் கதையைச் சுருக்கி, முதன்முதலில் எப்படி உதவி கேட்டார், சிகிச்சையின் முதல் வாரம் எப்படி இருந்தது, இன்று எதைச் செய்து நிலைத்திருக்கிறார் என்பவற்றை விரித்துச் சொன்னால்தான் கேட்பவருக்கு அடுத்த அடி புலப்படும். சம்மதத்தை அவர் கடைசி நிமிடத்தில் திரும்பப் பெற்றாலும் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் குழுவினர் உடனே கலையக் கூடாது. பொதுப் பார்வையில் படாத ஓர் அறையில் ஆலோசகர் குறைந்தது ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உண்மையான வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. போதையில் ஒருவர் வந்துவிட்டால், மேடையிலிருந்து எதுவும் சொல்லாமல், முன்பே நியமிக்கப்பட்ட இருவர் அவரை வெளியே அழைத்துச்சென்று தண்ணீர் கொடுத்துப் பேசட்டும். அவர் உதவி கேட்கவே வந்திருக்கலாம்.

8. குடும்பத்தினருக்குத் தனி இடம் கொடுங்கள்

முதலில் வருபவர் பெரும்பாலும் குடும்பத்தினரே. "அவரை அழைத்துவாருங்கள், பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்புவது மிகப் பரவலான தவறு. உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய, கிராஃப்ட் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் முறை, நோயாளி வராத நிலையிலும் குடும்பத்தினருக்குப் பயிற்சி அளித்து அவர் வழியாக நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவருகிறது. போதையில்லாத பொழுதுகளை அன்போடு கவனித்துப் பாராட்டுதல், போதையில் இருக்கும்போது வாதிடாமல் விலகியிருத்தல், குடியின் விளைவுகளை மூடிமறைத்துக் காப்பாற்றாதிருத்தல், மனம் திறக்கும் தருணத்தில் சிகிச்சையைப் பற்றி எடுத்துரைத்தல் ஆகியவை அதன் சாரம். 1951 முதல் இயங்கும் அல்-அனான் போன்ற குடும்பக் குழுக்களின் முகவரியும் உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

வீட்டில் வன்முறை இருந்தால் வரிசை மாறும். பாதுகாப்பான தங்குமிடமும் சட்ட உதவியும் முதலில். நோயாளியிடம் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது அதற்கு அப்புறம். அப்படிப்பட்டவரின் கையில் துண்டறிக்கையைக் கொடுத்தனுப்புவதற்கு முன், அது வீட்டில் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள்.

9. முதல் அழைப்பிலிருந்து முதல் சந்திப்புவரை உடன் செல்லுங்கள்

சிகிச்சைக்கு இசையும் மனநிலை நீண்ட நேரம் நிற்பதில்லை. இன்று காலையில் "வருகிறேன்" என்றவர் மாலையில் மாறிவிடுவார். அதில் பொய் எதுவும் இல்லை. நோயின் இயல்பே அப்படி. ஆகவே இசைந்த அன்றோ மறுநாளோ சந்திப்பு அமைய வேண்டும். இரண்டாவது படியில் தொடர்பாளரைப் பிடித்துவைத்ததன் பயன் இங்கே தெரியும். படுக்கை காலியாகும்வரை காத்திருக்க நேர்ந்தால், அந்த இடைவெளியில் புறநோயாளியாக ஒரு மருத்துவரைப் பார்க்கவும் ஒரு சுய உதவிக் கூட்டத்துக்குப் போகவும் ஏற்பாடு செய்யுங்கள்.

அவர் விரும்பினால் ஒருவர் உடன் செல்லட்டும். தொலைபேசியில் வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதை முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ அழைத்துச்செல்லும் திட்டத்தில் குழு ஒருபோதும் பங்கேற்கக் கூடாது.

10. சிகிச்சைக்குப் பிறகும் தொடர்பில் இருங்கள்

போதை நோயிலிருந்து மீண்டவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மறுபடி சறுக்குவதாக மதிப்பிடப்படுகிறது. உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகிய நாள்பட்ட நோய்களிலும் இதை ஒத்த நிலையே காணப்படுகிறது. சறுக்கியவர் வெட்கத்தால் குழுவைத் தவிர்ப்பார் என்பதை எதிர்பார்த்து, "மறுபடி தொடங்கிவிட்டாலும் எங்களை அழையுங்கள், அப்போதுதான் கட்டாயம் அழைக்க வேண்டும்" என்று முதல் நாளிலேயே சொல்லிவையுங்கள். வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் அழைப்புகள் அடிக்கடி இருக்கட்டும்; ஓபியாய்டு நோயாளிகளுக்குத் தாங்குதிறன் குறைந்திருக்கும் ஆபத்தான காலமும் அதுவே. அவர்களுடைய வீட்டில் நலோக்ஸோன் இருப்பதையும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் உடனிருப்பதையும் உறுதிசெய்யுங்கள்.

11. பயனை அளவிடுங்கள்

கூட்டத்துக்கு வந்தவர் எண்ணிக்கையும் பகிர்ந்த துண்டறிக்கைகளின் எண்ணிக்கையும் சேகரிக்க எளிது. ஆனால் அவற்றிலிருந்து அடுத்து என்ன செய்வது என்று தெரியாது. எத்தனை பேர் உதவி கேட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் முதல் சந்திப்புக்குப் போனார்கள், கேட்டதற்கும் போனதற்கும் இடையில் எத்தனை நாள் ஆயிற்று, இரண்டாவது முறை போனவர்கள் எத்தனை பேர் என்பவற்றைக் குறித்துவாருங்கள். உதவி கேட்டவர்கள் பலராகவும் போனவர்கள் சிலராகவும் இருந்தால் செய்தியை மாற்றிப் பயனில்லை. இரண்டாவது படியிலும் ஒன்பதாவது படியிலும்தான் பழுது இருக்கிறது. கேட்பவர்களே இல்லையென்றால் ஐந்தாவது படிக்குத் திரும்பி, மக்கள் நம்பும் ஆட்களை மறுபடி தேடுங்கள்.

குறிப்பேட்டில் பெயருக்குப் பதிலாக எண் இருக்கட்டும். எண்ணுக்கு உரியவர் யார் என்ற பட்டியல் ஒரே ஒருவரின் பொறுப்பில் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். தொடர்பு முடிந்ததும், அவருடைய விருப்பத்தைக் கேட்டு, அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நோயாளிகளின் பெயரையோ குரல்பதிவையோ ஒருபோதும் பகிராதீர்கள்.